பனி நாட்டு வீட்டில் குளிர்சாதனம்

டில்லியிலும் நாகபுரியிலும் அகமதாபாத்திலும் வாழும் நம்மவர் வீடுகளில் குளிர்சாதனம் இன்று ஆடம்பரப் பொருள் அன்று. கடைக்குச் சென்று நாற்பதாயிரம் ரூபாய் அளவில் விலை பேசி முடித்தால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ இருவர் வருவர். சுவரில் ஒரு துளையிடுவர். உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இடையே செப்புக் குழாய். இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துத் தேநீரும் அருந்திவிட்டுப் புறப்பட்டுவிடுவர். இந்தப் பழக்கத்தில் ஊறிய ஒருவரிடம், அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்து வசிக்கும் மகனோ மகளோ தொலைபேசியில், “வீட்டுக்கு ஏ.ஸி. போட இருபதாயிரம் டாலர் கேட்கிறார்கள்” என்று சொன்னால் அவர் திகைத்துப் போவது இயல்பே. டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் அது பதினேழு லட்சம் ரூபாய். திகைப்புத் தணிந்ததும் இரண்டு கேள்விகள் எழும். பனி கொட்டுகிற ஊரில் குளிர்சாதனம் எதற்கு? அப்படியே வேண்டுமென்றாலும், ஒரு பெட்டிக்கு இவ்வளவு பணமா?

இவ்விரண்டு கேள்விகளும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அது இயந்திரத்தில் இல்லை; வீட்டில் இருக்கிறது.

முதலில் அவ்வூரின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்வோம். பாஸ்டன், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைநகர். அட்லாண்டிக் கடற்கரையில் அமைந்தது. அதைச் சுற்றி நியூட்டன், லெக்சிங்டன், கான்கார்ட், ஆக்டன், ஷ்ரூஸ்பரி என்று பல ஊர்கள் புறநகர்களாய்ப் பரந்திருக்கின்றன. கணிப்பொறித் தொழிலையும் மருந்து ஆராய்ச்சியையும் பல்கலைக்கழகங்களையும் நாடிச் சென்ற இந்தியக் குடும்பங்கள் அங்கே பல. அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆஷ்லாண்டு என்னும் ஊரில் தென்னாட்டு முறையில் எழுந்த ஸ்ரீ லட்சுமி கோயில் ஒன்றும் இருக்கிறது.

2023 பிப்ரவரி 4-ஆம் நாள் பாஸ்டனில் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 23 டிகிரி காட்டிற்று. (இங்கே டிகிரி என்பதெல்லாம் சென்டிகிரேடு அளவே.) அதே ஊரில் 2025 ஜூன் 24 அன்று 38.9 டிகிரி. ஒரே ஊர் இவ்விரு கோடிகளையும் தொடுகிறது. ஆயினும் வெயிலின் ஆட்சி அங்கே குறுகியது. 32 டிகிரியைத் தாண்டும் நாள்கள் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் என்றே சொல்லலாம். நம் நாகபுரிவாசிகள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். ஆனால் 1911 ஜூலையில் அந்த வடகிழக்கு மாநிலங்களை ஒரு வெப்ப அலை தாக்கியபோது பாஸ்டனில் 40 டிகிரி பதிவாயிற்று. அப்பகுதி முழுவதிலும் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. மக்கள் வீட்டினுள் படுக்க இயலாமல் நகர் நடுவிலுள்ள பூங்காவில் இரவைக் கழித்தனர்.

இவ்விடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. குளிர்ச்சி என்பது ஒரு காலத்தில் அந்த ஊரிலிருந்து நமக்கு ஏற்றுமதியான சரக்கு. பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளின் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833 மே மாதம் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நான்கு மாதம் கடலில் கிடந்து செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது, ஏறக்குறைய 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது. சென்னைக்கும் பம்பாய்க்கும் பின்னர் கப்பல்கள் வந்தன. சென்னையில் அந்தச் சரக்கை இருப்பு வைப்பதற்காகத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியமையால் அது இன்று விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றிருக்கிறது; எனினும் அந்த வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் மட்டும் கரையாமல் நிற்கிறது. கான்கார்டு ஊரின் வால்டன் குளத்தங்கரையில் வாழ்ந்த தோரோ என்னும் எழுத்தாளர், தாம் நீரருந்தும் குளத்திலிருந்தே சென்னை, பம்பாய், கல்கத்தா மக்களும் அருந்துவதாகத் தம் நூலில் வியந்து குறித்திருக்கிறார். அந்தக் கான்கார்டில்தான் இன்று வீட்டுக்கு வீடு குளிர்சாதனத்துக்கு விலை விசாரிக்கிறார்கள்.

அந்த வாணிகம் மறைந்துவிட்டது. ஆனால் அதன் அளவை மட்டும் நம் பேச்சில் வழங்கிவருகிறது. “ஒன்றரை டன் ஏ.ஸி.” என்கிறோம். இந்த டன் பெட்டியின் எடை அன்று. ஒரு டன், அதாவது அமெரிக்கக் கணக்கில் 2,000 பவுண்டு பனிக்கட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் கரைகையில் எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளுமோ அவ்வளவு வெப்பத்தை அதே இருபத்து நான்கு மணி நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றும் இயந்திரம் ஒரு டன் இயந்திரம். மின்சாரக் கணக்கில் அது சுமார் மூன்றரைக் கிலோவாட் வெப்பம். ஆகவே குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளேயுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. இதை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

இனி வீட்டுக்கு வருவோம். பாஸ்டன் புறநகர் வீடு பெரும்பாலும் மரச்சட்ட வீடு. இரண்டு அடுக்கு, மேலே சரிந்த கூரை, கீழே நிலவறை. சுவர்களுக்குள் கண்ணாடிப் பஞ்சு போன்ற பொருள்களை அடைத்து, உள்வெப்பம் வெளியே போகாமல் காப்பார்கள். கட்டியவரின் கவலை முழுவதும் ஜனவரி மாதத்தைப் பற்றியது. ஜூலையை அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. பழைய வீடுகளில் நிலவறையில் ஒரு கொதிகலன் இருக்கும். எண்ணெயாலோ எரிவாயுவாலோ அது வெந்நீரையோ நீராவியையோ உண்டாக்கி, குழாய் வழியே ஒவ்வோர் அறையிலும் உள்ள இரும்புச் சட்டத்துக்கு அனுப்பும். அது சூடேறி அறையைச் சூடாக்கும். இந்த ஏற்பாடு நூறாண்டு உழைக்கக்கூடியது. ஆனால் அதில் காற்றுக்கு வழியில்லை. வெந்நீர் ஓடும் குழாயில் குளிர்காற்றை அனுப்ப இயலாதன்றோ?

பிற்காலத்தில் எழுந்த வீடுகள் பலவற்றில் வேறு முறை. அங்கே நிலவறையிலுள்ள உலை காற்றைச் சூடாக்கித் தகரக் குழாய்கள் வழியே அறைகளுக்குத் தள்ளுகிறது. இவ்வகை வீட்டுக்காரர் பாக்கியவான். உள்ள குழாயிலேயே குளிர்ச் சுருளைப் பொருத்தி, வெளியே ஓர் இயந்திரத்தை நிறுத்தினால் வேலை முடிந்தது. அதற்கு ஆறாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் டாலர் வரை கேட்பார்கள். வெந்நீர்க் குழாய் வீட்டுக்காரரோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். சுவரையும் கூரையடியையும் திறந்து புதிதாகக் காற்றுக்குழாய் அமைக்கலாம்; அல்லது, நம் ஊரில் நாம் செய்வது போலவே, அறைக்கு ஒரு பெட்டியாகச் சுவரில் மாட்டலாம். பின்னதற்கு அறை ஒன்றுக்கு ஐயாயிரம் டாலர் அளவில் ஆகும். நான்கைந்து அறைகள் என்றால் இருபதாயிரத்தைத் தொடும், கடக்கவும் செய்யும். அடுத்தடுத்த தெருவில் வாழும் இரு நண்பர்களில் ஒருவருக்கு எட்டாயிரமும் மற்றவருக்கு இருபத்திரண்டாயிரமும் சொல்லப்படுவதற்குக் காரணம் இதுதான். ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டுமுன் வீடு எப்போது கட்டப்பட்டது என்று கேட்பது நல்லது.

அதுவும் சுவரில் மாட்டும் பெட்டிதானே, அதே கம்பெனிப் பெட்டிதானே, இங்கே நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது அங்கே ஏன் நான்கு லட்சம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெட்டியின் விலை அத்தொகையில் ஒரு பகுதியே. மீதி ஆள் கூலி, உரிமம், மின்கம்பி. அமெரிக்க வீடுகளில் சாதாரணச் செருகுமுனையில் வருவது 120 வோல்ட்டு மின்சாரம். இப்பெட்டிகளுக்கு வேண்டியது பெரும்பாலும் 240 வோல்ட்டு. ஆகவே நிலவறையிலுள்ள மின்பலகையிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரைத் தவிர வேறொருவர் அதைத் தொழிலாகச் செய்யச் சட்டம் இடம் தராது. பழைய வீட்டின் மின்பலகை 100 ஆம்பியர் தாங்குவதாக இருந்தால், அதை 200 ஆம்பியருக்கு மாற்றச் சொல்வதும் உண்டு. அதற்கு இரண்டாயிரம் முதல் ஐந்தாயிரம் டாலர் தனி. நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். முடிந்தபின் ஆய்வாளர் வந்து பார்த்துக் கையொப்பமிட வேண்டும். குளிர்வாயுவைக் கையாள்பவர் மத்திய அரசு விதிப்படி தேர்ச்சிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். செப்புக் குழாயில் நைட்ரஜனைச் செலுத்திக் கசிவு பார்ப்பதும், பின்னர் பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முற்றிலும் உறிஞ்சுவதும் அங்கே ஒழுங்கான வேலையின் அடையாளம். இங்கே அவசரத்தில் வாயுவைச் சிறிது திறந்துவிட்டே காற்றை விரட்டிவிடுகிறவர்களை நாம் கண்டதில்லையா? ஐந்தாண்டில் இயந்திரம் முனகத் தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேறொரு செலவும் 2025 முதல் சேர்ந்திருக்கிறது. அதுவரை அமெரிக்க வீட்டுக் குளிர்சாதனங்களில் பெரிதும் வழங்கிய ஆர்-410ஏ என்ற வாயு புவி வெப்பத்தை மிகுவிப்பது. அவ்வாண்டு ஜனவரி முதல் அதைக் கொண்டு புதிய இயந்திரம் செய்தல் நிறுத்தப்பட்டது. ஆர்-454பி, ஆர்-32 ஆகியவை அதன் இடத்துக்கு வந்தன. ஆர்-32 நமக்குப் பழகியதே. இங்குள்ள பல பெட்டிகளில் ஏற்கெனவே அதுதான் இருக்கிறது.

பெரிய இயந்திரமாக வாங்கிவிட்டால் கவலையில்லை என்று எண்ணுவோரும் உண்டு. இதில் எச்சரிக்கை வேண்டும். பாஸ்டன் கோடை வெயில் உலர்ந்தது அன்று. கடலோர ஈரம் மிகுந்தது. அளவுக்கு மீறிய இயந்திரம் பத்து நிமிடத்தில் அறையைக் குளிரச் செய்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் போதாது. விளைவு, குளிர்ந்தும் புழுங்கும் அறை. ஆகையால் சன்னல் எத்தனை, எத்திசை, சுவரில் அடைப்பு எவ்வளவு என்று அளந்து கணக்கிட்ட பின்னரே டன் அளவைச் சொல்லும் ஒப்பந்தக்காரரை நம்பலாம். வாசலில் நின்றபடியே “நான்கு டன்” என்று சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

இனி ஒரு சிறு கணக்கு. இருபதாயிரம் டாலர் ஏற்பாடு பதினைந்து ஆண்டு உழைப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு 1,333 டாலர். ஆண்டில் நாற்பது நாள் அதை உபயோகிப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 33 டாலர். ஏறத்தாழ 2,800 ரூபாய். மின்கட்டணம் இதில் சேரவில்லை. டில்லியில் நாற்பதாயிரம் ரூபாய்ப் பெட்டி பத்தாண்டு உழைத்து, ஆண்டுக்கு நூற்றைம்பது நாள் ஓடுமானால் நாளொன்றுக்கு 27 ரூபாய்தான். குளிர்நாட்டில் குளிர்சாதனம் விலையுயர்ந்ததாக இருப்பதற்கு உண்மையான காரணம் இக்கணக்கில் தெரிகிறது. வீடு குளிர்காலத்துக்கென்று கட்டப்பட்டதால் பொருத்தும் செலவு மிகுதி. கோடை குறுகியதால் அச்செலவைப் பகிர்ந்துகொள்ள நாள்கள் குறைவு. இப்படிப் பார்த்தால், அந்த இரண்டு வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்துவிடுவதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். அங்குள்ள பலரும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினார்கள்.

ஆனால் அந்த எண்ணத்துக்கு எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை அதே கண்டத்தின் மேற்குக் கரையிலுள்ள மற்றொரு குளிர்ப்பகுதி காட்டிற்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 2021 ஜூன் கடைசியில் வெப்பம் திடீரெனக் கவிந்தது. ஜூன் 29 அன்று லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி. ஒரு வாரத்துக்குள் அம்மாநிலத்தில் வெப்பத்தால் இறந்தவர் 619 பேர் என்று மரண விசாரணை அதிகாரிகள் கணக்கிட்டனர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் இறந்தது வெயிலில் அன்று, வீட்டுக்குள். மூன்றில் இருவர் எழுபது வயதைத் தொட்டவர் அல்லது கடந்தவர். பாதிக்கு மேற்பட்டோர் தனியே வாழ்ந்தவர். பெரும்பாலோர் வீட்டில் குளிர்சாதனம் இல்லை. பனி நாட்டில் வெயில் கொல்லும் இடம் தெரு அன்று, படுக்கையறை.

நம் நேயர்களில் பலருக்கு இது தூரத்துச் செய்தி அன்று. பிள்ளைகளிடம் சென்று தங்கும் பெற்றோர் எந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? பனிக்குப் பயந்து, ஏப்ரல் மே மாதத்தில் விமானமேறி அக்டோபரில் திரும்புகிறார்கள். ஆறு மாத அனுமதி சரியாக அந்த ஊரின் கோடையில் விழுகிறது. விருந்தினருக்கென்று ஒழித்துக் கொடுக்கப்படும் அறையோ பெரும்பாலும் மேல்மாடியில், கூரையை ஒட்டியது. வெப்பம் மேலேறும், கருநிறக் கூரை ஓடுகள் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து இரவில் உள்ளே உமிழும், குளிரைத் தடுக்க அமைந்த அடைப்பு, உள்ளே புகுந்த சூட்டையும் வெளியே விடாமல் காக்கும். வீட்டிலேயே மிக வெப்பமான அறையில் வீட்டிலேயே மிக வயதானவர் படுத்திருப்பார்.

“டில்லியில் 45 டிகிரி பார்த்தவர்கள் நாங்கள், இது என்ன பிரமாதம்?” என்று அவர்கள் சொல்வதும் வழக்கம். இந்த வீரம் வேண்டாம். டில்லியில் தலைக்குமேல் மின்விசிறி சுழலும். அங்கே பல வீடுகளில் விசிறியே கிடையாது. இங்கே செங்கல் சுவர், கல் தரை, திறந்த தாழ்வாரம். அங்கே மரப்பலகை, தரை விரிப்பு, ஒரு பாதி மட்டுமே மேலே நகரும் சன்னல். இங்கே உடல் மார்ச்சு முதலே சிறிது சிறிதாகப் பழகுகிறது. அங்கே நேற்று 20 டிகிரி, இன்று 35. அன்றியும் டில்லி வெயிலைத் தாங்கியது நாற்பது வயது உடம்பு; இப்போது பயணம் செய்வது எழுபது வயது உடம்பு. முதுமையில் தாகம் தெரிவது குறைகிறது. இரத்த அழுத்தத்துக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகள் நீரை மேலும் பிரியச் செய்கின்றன. அறையின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிய பின் விசிறி மட்டும் முதியவர் உடலைக் காக்கப் போதாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

இளைஞருக்கும் இது விளையாட்டன்று. 2016 கோடையில் பாஸ்டன் பகுதியில் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் சிலர் 44 மாணவர்களைப் பன்னிரண்டு நாள் சோதித்தனர். குளிர்சாதனமுள்ள விடுதியில் உறங்கியோரைவிட அஃது இல்லாத விடுதியில் உறங்கியோர், காலையில் கொடுத்த ஒரு சோதனையில் ஏறக்குறைய 13 சதவீதம் தாமதமாக விடையளித்தனர். வெளியே வெப்பம் தணிந்த பிறகும் விடுதிச் சுவர்களுக்குள் அது தங்கியிருந்ததையும் அவர்கள் கண்டனர்.

ஆகவே கேள்வியைச் சிறிது மாற்றிக் கேட்க வேண்டும். முழு வீட்டையும் குளிரச் செய்ய வேண்டுமா? அல்லது ஓர் உயிரைக் காக்க எவ்வளவு குளிர்ச்சி போதும்? பின்னதற்கு விடை மிகவும் மலிவானது. சன்னலில் பொருத்தும் சிறு பெட்டி அங்கே இருநூறு முதல் ஐந்நூறு டாலருக்குக் கிடைக்கிறது. மேலும் கீழும் நகரும் அந்நாட்டுச் சன்னலில் அதை வைத்துப் பலகையை இறக்கி இறுக்கினால் போதும்; சாதாரண 120 வோல்ட்டு முனையிலேயே ஓடும். எண்ணூறு வாட்டுக்குள் மின்சாரம் வாங்கும். மாசசூசெட்ஸில் மின்சாரம் யூனிட்டுக்கு முப்பது சென்ட் அளவில் ஆகிறது. நம் ஊர்க் கட்டணத்தைப் போல மும்மடங்கு. அப்படியிருந்தும் ஓர் இரவு முழுவதும் ஓட்ட இரண்டு டாலருக்கு மேல் ஆகாது. பாட்டி உறங்கும் அறை ஒன்று குளிர்ந்திருந்தால் அவ்வீட்டின் அபாயத்தில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. இருபதாயிரம் டாலரைப் பற்றிக் குடும்பம் மூன்று கோடைக் காலமாக ஆலோசித்துக்கொண்டே இருப்பதும், அதுவரை மேல்மாடி அறையில் ஒன்றுமே இல்லாதிருப்பதும் நாம் கேள்விப்படுகிற நிலைமை. முந்நூறு டாலர்ப் பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, பிறகு நிதானமாக ஆலோசிக்கலாமே!

அந்த ஆலோசனையில் கவனிக்கத்தக்க ஒன்றும் உண்டு. குளிர்சாதனம் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டும் இயந்திரம் என்று கண்டோம். அதையே திருப்பி ஓட்டினால், வெளியிலுள்ள வெப்பத்தை அள்ளி உள்ளே கொட்டும். பனிக்காலத்தில் வெளியே ஏது வெப்பம் என்று கேட்கலாம். பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் உள்ள காற்றிலும் வெப்பம் இருக்கவே செய்கிறது. பள்ளத்துக் கிணற்று நீரை ஏற்றம் கொண்டு மேட்டுக்கு இறைப்பது போல, அந்தத் தாழ்ந்த வெப்பத்தை உயர்த்தி வீட்டுக்குள் இறைக்க முடியும். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் இரண்டு, மூன்று யூனிட் வெப்பம் வீடு சேரும். ஹீட் பம்ப் என்பது இதுவே. அங்கே இப்போது பொருத்தப்படும் சுவர்ப் பெட்டிகளில் பெரும்பாலானவை இவ்வாறு இருவழியும் ஓடக்கூடியவை.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இங்கே ஒன்று தோன்றுவதுண்டு. ரயில் பெட்டிகளிலும் அரசாங்கக் காகிதங்களிலும் இந்தியில் ‘வாதானுகூலித்’ என்று எழுதியிருப்பதை வடநாட்டில் வாழும் நாம் தினந்தோறும் பார்க்கிறோம். காற்றை நமக்கு அனுகூலமாக்குவது என்பது பொருள். நம்முடைய ‘குளிர்சாதனம்’ வாய்க்கு இனிய சொல்லேயானாலும் வெப்ப நாட்டில் பிறந்த சொல். ஜனவரியில் சூடளிக்கும் அதே இயந்திரத்தை அச்சொல்லால் அழைக்க இயலவில்லை.

செலவுக் கணக்கையும் இந்த இருவழி இயந்திரம் மாற்றிவிடுகிறது. எண்ணெய்க் கொதிகலன் பழுதாகி எப்படியும் மாற்ற வேண்டிய நிலையிலுள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். முழு வீட்டுக்கும் ஹீட் பம்ப் அமைக்க இருபத்தைந்தாயிரம் டாலர் ஆகிறது என்று கொண்டால், பதினைந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 1,667. இது நாற்பது நாள் அன்று, கோடையும் குளிரும் சேர்த்து இருநூற்றைம்பது நாள் ஓடும். நாளொன்றுக்கு ஏழு டாலருக்குள் அடங்குகிறது. புதுக் கொதிகலனுக்கு ஆகியிருக்கும் தொகையையும் கழித்துக்கொண்டால் இன்னும் குறையும். எண்ணெய் எரிக்கும் வீட்டுக்கு இதனால் பெரும்பாலும் ஆதாயம். குழாய் எரிவாயு எரிக்கும் வீட்டில் அப்படி உறுதியாகச் சொல்வதற்கில்லை. மின்கட்டணம் அதிகமாதலால் குளிர்காலச் செலவு ஏறவும் கூடும். எந்த வீடாயினும் முதலில் சன்னல் இடுக்குகளையும் கூரையடியையும் அடைத்துச் சீர்செய்வது, இயந்திரத்தின் அளவையே குறைத்துவிடும்.

உதவித் தொகைகளை நம்பி முடிவெடுப்போர் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022-இல் வந்த சட்டப்படி, ஹீட் பம்ப் வைத்தோர்க்கு அமெரிக்க மத்திய வருமான வரியில் செலவின் முப்பது சதவீதம், 2,000 டாலர் வரை, தள்ளுபடி கிடைத்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய வேறொரு சட்டம் அதை அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் தேதியுடன் முடித்துவிட்டது. மாசசூசெட்ஸில் மின்சார, எரிவாயுக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் ‘மாஸ் சேவ்’ என்ற திட்டம், முழு வீட்டுக்கும் மாற்றுவோர்க்கு ஒரு சமயம் 10,000 டாலர் வரை கொடுத்தது. பின்னர் அத்தொகையைக் குறைத்தார்கள். ஒப்பந்தக்காரர் காட்டும் பழைய விளம்பரத் தாளை வைத்துக் கணக்குப் போடுவதைவிட, கையொப்பமிடும் அன்று அத்திட்டத்தாரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது மேல்.

காலம் பற்றி ஒரு சொல். ஜூன் மாதத்து முதல் வெப்ப அலை வந்ததும் அவ்வூர் முழுவதும் ஒரே நாளில் குளிர்சாதனத்தை நினைத்துக்கொள்கிறது. கடைகளில் சன்னல் பெட்டிகள் தீர்ந்துவிடுகின்றன. ஒப்பந்தக்காரர்கள் வாரக்கணக்கில் தவணை சொல்கிறார்கள். பனி உருகும் மார்ச்சு ஏப்ரலில் அவர்களுக்கு ஓய்வு உண்டு. விலையும் சிறிது இறங்கிப் பேசலாம். இங்கே பெற்றோர் விமானச் சீட்டு வாங்குவதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். சீட்டு வாங்கியதைத் தொலைபேசியில் சொல்லும்போதே, தங்களுக்கு எந்த அறை, அது எந்த மாடி, அதில் சன்னல் எப்படித் திறக்கும் என்று கேட்டுக்கொள்ளலாம். நிலவறையை ஒட்டிய கீழ்த்தளத்து அறை காலியாக இருந்தால் ஜூலை மாதத்துக்கு அதையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அது பைசாச் செலவில்லாத குளிர்ச்சி.